செவ்வியல் சான்றுகளின்வழி எசேனியரை வரையறுத்தல்: பிலோ, பிளினி, யோசேபஸ்

ஆய்வுச் சுருக்கம்

எருசலேமின் இரண்டாம் கோயில் காலத்தில் யூதரிடையே விளங்கிய எசேனியர் என்னும் குழுவினரைப் பற்றிய முதன்மையான செவ்வியல் சான்றுகள் மூவரிடமிருந்து கிடைக்கின்றன. அலெக்சாந்திரியாவின் பிலோவும் வரலாற்றாசிரியர் யோசேபசும் கிரேக்கத்தில் எழுதிய யூதர். மூத்த பிளினி இலத்தீனில் எழுதிய உரோமர். மூவர் கூற்றுகளையும் ஒன்றாகக் கலந்து ஒரே சித்திரமாக்குவது நெடுநாள் வழக்கம். அவ்வாறு கலவாமல், ஒவ்வொருவரும் எந்நோக்கில் எழுதினர் என்பதைப் பிரித்தறிந்து, அச்சான்றுகள் தாங்கக்கூடிய வரையறை எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வாழிடமோ மணத்துறவோ எசேனியரின் இலக்கணமாக அமையவில்லை என்பதும், படிநிலைச் சேர்க்கை முறையே அவர்களைப் பிறரினின்று பிரித்தது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: எசேனியர், யோசேபஸ், பிலோ, பிளினி, இரண்டாம் கோயில் கால யூதம், கும்ரான், சமயக் குழு

முன்னுரை

எசேனியர் என்றவுடன், சாக்கடற் கரையில் பெண்டிர் இன்றி, பொருள் துறந்து, வெள்ளாடை உடுத்து, படைக்கலம் தொடாது வாழ்ந்த துறவியர் கூட்டம் ஒன்று பலர் மனத்தில் தோன்றும். இச்சித்திரம் இம்முழு வடிவில் எந்தப் பழைய நூலிலும் இல்லை. சாக்கடற் கரை பிளினி தந்தது. வெள்ளாடை யோசேபஸ் தந்தது. படைக்கலம் செய்யாமை பிலோ தந்தது. மூன்று நூல்களிலிருந்து மூன்று கூறுகளை எடுத்து ஒட்டியவர்கள் பிற்காலத்தவர்.

எபிரேய, அரமேய மூலங்களில் இக்குழுவின் பெயர் இன்னதென உறுதியாகச் சுட்டத்தக்க இடம் ஒன்றும் இல்லை. புதிய ஏற்பாடு பரிசேயரையும் சதுசேயரையும் மீண்டும் மீண்டும் குறிக்கிறது. எசேனியரைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. யூத இரபிமாரின் நூல்களிலும் அப்பெயர் தெளிவாக வருவதில்லை. ஆகவே எசேனியர் யார் என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் கிரேக்க, இலத்தீன் நூல்களையே முதலில் நாட வேண்டியுள்ளது. அந்நூல்களோ அக்குழுவுக்கு வெளியே நின்றவர்களால், அக்குழுவைச் சாராத வாசகர்க்காக எழுதப்பட்டவை.

1947-இல் தொடங்கிய கும்ரான் சுருள்களின் கண்டெடுப்புக்குப் பின் இவ்வினா மேலும் சிக்கலாயிற்று. சுருள்கள் எசேனியருடையவை என்பதற்குப் பிளினியும் யோசேபசும் சான்றாக்கப்பட்டனர். பிளினியும் யோசேபசும் சொல்வதன் பொருள் இன்னது என்பதற்கோ சுருள்கள் சான்றாக்கப்பட்டன. இவ்வட்டத்தினின்று வெளியேற வேண்டுமானால், சுருள்களைச் சற்று ஒதுக்கிவைத்துச் செவ்வியல் நூல்கள் தம்மளவில் எவ்வளவு சொல்கின்றன என்று முதலில் அளந்தறிதல் வேண்டும்.

பெயரும் வகைப்பாடும்

பெயரே ஒரு சீராக இல்லை. பிலோ ‘எஸ்ஸாயோய்’ என்று எழுதுகிறார். யோசேபஸ் சில இடங்களில் அவ்வாறும், பல இடங்களில் ‘எஸ்ஸேனோய்’ என்றும் எழுதுகிறார். பிளினியின் வடிவம் ‘எஸ்ஸேனி’. புனிதம் எனப் பொருள்படும் ‘ஹொசியொதேஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லோடு பிலோ இப்பெயரை இணைத்துக் காட்டுகிறார். அவ்வடிவம் கிரேக்க முறைக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பதையும் அவரே ஒத்துக்கொள்கிறார். தற்கால ஆய்வாளர்கள் ‘இறைப்பற்றுடையோர்’, ‘குணப்படுத்துவோர்’ எனப் பொருள்படும் அரமேயச் சொற்களையும், ‘செய்வோர்’ அதாவது திருச்சட்டத்தைக் கடைப்பிடிப்போர் எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லையும் மூலமாகக் காட்டியுள்ளனர். எதுவும் முடிவானதன்று. பெயர்ப்பொருளிலிருந்து வரையறையைத் தொடங்க இயலாது என்பதே இதனால் தெளிவாவது.

வகைப்பாட்டுச் சொல் இதனினும் கருதத்தக்கது. யோசேபஸ் பரிசேயர், சதுசேயர், எசேனியர் ஆகியோரைக் குறிக்க ‘ஹைரெசிஸ்’ என்னும் சொல்லைக் கையாள்கிறார். ‘தெரிந்தெடுத்தல்’ என்பது அதன் அடிப்பொருள். கிரேக்க மெய்யியலில் ஒரு சிந்தனைப் பள்ளியைத் தேர்ந்து அதன்வழி நிற்றலை அச்சொல் குறித்தது. திரிபுக் கொள்கை என்னும் பழிப்பொருள் அதற்குப் பின்னரே ஏறியது. விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதே சொல்லை இடத்திற்கேற்பச் ‘சமயம்’ என்றும் ‘மதபேதம்’ என்றும் பெயர்த்திருப்பது இவ்விரு நிலைகளையும் காட்டும். ‘பிரிவு’ என்று நாம் பெயர்த்தால், ஒரு தாய்ச்சமயத்தினின்று பிரிந்து போனவர்கள் என்ற குறிப்பு நுழைந்துவிடுகிறது. யோசேபஸ் அப்படிச் சொல்லவில்லை. இக்கட்டுரையில் ‘குழு’ என்னும் சார்பற்ற சொல்லே ஆளப்படுகிறது.

பிறப்பு பற்றி மூவரும் கூறுவன ஒப்பிடத்தக்கவை. யோசேபஸ், எசேனியர் பிறப்பால் யூதர் என்று தொடங்குகிறார் (யூதப் போர் 2:119). பிலோ, விருப்பத்தால் அமையும் கூட்டங்களுக்குப் பிறப்பு அடையாளம் ஆகாது, அறத்தின்மீது கொண்ட ஆர்வமே அடையாளம் என்கிறார் (ஹிப்பொதெதிகா 11:2). பிளினியோ அவர்களை ‘இனம்’ என்றே அழைத்து, ஒருவரும் பிறவாத இனம் ஊழிக்கணக்கில் நிலைத்திருப்பதை வியக்கிறார் (இயற்கை வரலாறு 5:73). மூன்று கூற்றுகளும் ஒரே உண்மையை வெவ்வேறு திசையிலிருந்து தொடுகின்றன: எசேனியராக எவரும் பிறப்பதில்லை, ஆகின்றனர். பிளினியின் வியப்பு இதனை இனமெனக் கொண்ட பிழையினால் விளைந்தது. எனினும் அப்பிழைக்குள்ளும் இச்செய்தி இருக்கிறது.

பிலோ: எடுத்துக்காட்டாக நிற்கும் எசேனியர்

பிலோவின் இரு நூற்பகுதிகள் நமக்கு உதவுவன. ஒன்று, நல்லோர் ஒவ்வொருவரும் விடுதலை பெற்றவரே என்னும் கருத்தை நிறுவும் நூலில் 75 முதல் 91 வரையுள்ள பகுதி. மற்றொன்று, ஹிப்பொதெதிகா என்னும் நூலிலிருந்து 4-ஆம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எடுத்தாண்டமையால் எஞ்சியது. ‘சிந்தனை வாழ்வு’ பற்றிய நூலின் தொடக்கத்திலும் எசேனியரைக் குறிப்பிடுகிறார். ஆயினும் அந்நூல் அலெக்சாந்திரியாவுக்கு அருகில் மரியோத்திஸ் ஏரிக்கரையில் வாழ்ந்த தெரப்பியூத்தர் என்னும் வேறொரு குழுவைப் பற்றியது. இவ்விரு குழுக்களையும் ஒன்றாகக் கொள்வோர் பிலோ தாமே வகுத்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்: எசேனியர் செயல்வாழ்வினர், தெரப்பியூத்தர் சிந்தனை வாழ்வினர்.

முதல் நூலில் எசேனியர் எங்கு இடம்பெறுகின்றனர் என்பது கவனத்திற்குரியது. செல்வத்தையும் அச்சத்தையும் வென்றவர்கள் உலகில் உண்டு என்று காட்ட வரும் பிலோ, பாரசீகத்தின் மாகியரையும் இந்தியாவின் ஆடையற்ற ஞானியரையும் குறிப்பிட்டுவிட்டு, அடுத்து எசேனியருக்கு வருகிறார். அவர்களைப் பேசி முடித்ததும், அலெக்சாந்தருக்கு அடிபணிய மறுத்த இந்திய ஞானி கலானசின் கதைக்குச் செல்கிறார். எசேனியர் பகுதி இரண்டு இந்திய எடுத்துக்காட்டுகளுக்கு நடுவே பொதிந்திருக்கிறது. இவ்வமைப்பில் அவர்களைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் ஒரு வாதத்துக்குத் துணையாக நிற்கிறது. அவர்களிடையே அடிமை ஒருவரும் இலர், வாள் வேல் கேடயம் செய்வோர் இலர், வணிகம் கனவிலும் இல்லை என்னும் அடுக்கு ஊர் ஊராகச் சென்று கண்டெழுதியதன்று. விடுதலை என்னும் கருத்துக்கு வடிவம் கொடுப்பது.

இதனால் பிலோ புனைந்தார் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அவர் தரும் உறுதியான செய்திகள் பிற சான்றோடு ஒத்துச் செல்கின்றன: பொதுக் கருவூலம், பொது ஆடை, பொது உணவு, நோயாளரையும் முதியோரையும் பொதுச் செலவில் பேணுதல், ஏழாம் நாளில் தொழுகைக் கூடத்தில் வயதின் முறைப்படி அமர்ந்து ஒருவர் படிக்க மற்றொருவர் விளக்கக் கேட்டல். ஆனால் அவர் தமக்குத் தாமே முரண்படும் இடங்களும் உள. முதல் நூலில் எசேனியர் நகரங்களின் தீமைக்கு அஞ்சிச் சிற்றூர்களில் வாழ்வதாகச் சொல்கிறார். ஹிப்பொதெதிகாவில் யூதேயாவின் பல நகரங்களிலும் பல ஊர்களிலும் வாழ்வதாகச் சொல்கிறார். மணத்துறவு பற்றி முதல் நூல் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது, எசேனியர் எவரும் மனைவி கொள்வதில்லை என்று கூறி, அதற்குக் காரணமாகப் பெண்ணினத்தின்மீது நீண்டதொரு பழிப்பை அடுக்குகிறது. அப்பழிப்பு எசேனியருடையதா பிலோவினுடையதா என்று கேட்க வேண்டும். கிரேக்க மெய்யியல் உரைகளில் பழகிய தொனி அதில் மிகுதியாகவே ஒலிக்கிறது.

பிளினி: இடம் என்னும் சிக்கல்

எசேனியரைச் சாக்கடலோடு பிணைக்கும் சான்றுகளுள் தலையாயது பிளினியின் இயற்கை வரலாற்றில் வரும் ஒரு சிறு பகுதி. தியோன் கிரிசொஸ்தொம் என்னும் சொற்பொழிவாளரும் சாக்கடலருகே எசேனியரின் நகரம் ஒன்று இருந்ததாகச் சொன்னார் என்று பிற்கால எழுத்தாளர் சினேசியஸ் குறிக்கிறார்; அது கைமாறி வந்த செய்தி.

பிளினியின் நூல் தமிழக வரலாறு பயில்வோர்க்குப் புதிதன்று. முசிறியையும் பாண்டியனையும் குறிக்கும் அதே நூல்தான். அச்செய்தி 6-ஆம் பகுதியில் உள்ளது, எசேனியர் செய்தி 5-ஆம் பகுதியில் உள்ளது. முசிறி பற்றி எழுதும்போது, தாம் எழுதும் காலத்தில் அங்கு ஆள்பவர் இன்னார் என்று அரசன் பெயரைக் கூறும் அளவுக்குப் பிளினியிடம் புதிய செய்தி இருந்தது. எசேனியரைப் பற்றி எழுதும்போது அவரிடம் அத்தகைய புதுமை இல்லை. ஏறத்தாழ 2000 ஏடுகளிலிருந்து 20,000 செய்திகளைத் தொகுத்ததாகத் தம் முன்னுரையில் பெருமிதத்தோடு சொல்பவர் அவர். ஆகவே ஒரே நூலில் வந்தவை என்பதால் இரு செய்திகளையும் ஒரே தரத்தில் மதிப்பிட இயலாது.

ஏரியின் மேற்கே, கரையின் தீங்கு எட்டாத தொலைவில், பெண்டிரும் பணமும் இன்றிப் பனை இனத்து மரங்களையே துணையாகக் கொண்டு எசேனியர் வாழ்வதாகவும், வாழ்வில் களைத்தவர்கள் திரள்திரளாக வந்து சேர்வதாகவும் பிளினி எழுதுகிறார். பின்னர், இவர்களுக்குக் ‘கீழே’ எங்கேதி என்னும் ஊர் இருந்தது, இப்போது சாம்பல் மேடாயிற்று என்றும், அதற்கப்பால் மசாதா கோட்டை உள்ளது என்றும் தொடர்கிறார். ‘கீழே’ என்பது மலைச்சரிவின் கீழா, தெற்கு நோக்கிச் செல்லும் வரிசையில் அடுத்தா என்பதே பெரும் வழக்காயிற்று. முதற்பொருள் கொண்டால் எசேனியர் எங்கேதிக்கு மேலுள்ள மலைமீது இருந்தனர். இரண்டாவது பொருள் கொண்டால் எங்கேதிக்கு வடக்கே, கும்ரான் இருக்கும் திசையில் இருந்தனர். யோர்தான் ஆற்றின் ஊற்றிலிருந்து தெற்கே இறங்கிவரும் பிளினியின் விவரிப்பு ஒழுங்கு இரண்டாவது பொருளுக்கே வலிமை சேர்க்கிறது என்பது என் கருத்து.

ஆனால் அது முடிவானாலும் அதனால் பெறப்படுவது சிறிதே. இப்பகுதியில் காலம் குழம்பிக் கிடக்கிறது. எங்கேதி அழிந்துவிட்டது என்னும் குறிப்பு கி.பி. 66-இல் தொடங்கிய போருக்குப் பிந்தையது. எசேனியரோ அழிவின் சுவடே இன்றி நிகழ்காலத்தில் செழிக்கின்றனர். பழைய மூலம் ஒன்றிலிருந்து எடுத்த வியப்புச் செய்தியின் மேல் போர்க்காலத் திருத்தம் ஒன்று ஒட்டப்பட்டதாகவே இது தோன்றுகிறது. பேரீச்சந்தோப்பின் வளத்தில் எங்கேதிக்கு முந்திய ஊராக எருசலேமைச் சொல்வதும் அவரது கவனக்குறைவைக் காட்டும். அப்புகழ் எரிகோவுக்கே உரியது. இத்தகைய ஒரு பகுதியிலிருந்து எசேனியர் சாக்கடற் கரையிலும் இருந்தனர் என்று கொள்ளலாம். அங்கு மட்டுமே இருந்தனர் என்று கொள்ள முடியாது. பிலோவும் யோசேபசும் அதை மறுக்கின்றனர்.

யோசேபஸ்: விரிவும் ஐயமும்

யூதப் போர் நூலின் 2-ஆம் பகுதியில் எசேனியருக்கு யோசேபஸ் ஒதுக்கிய இடம் வியப்பூட்டுவது. இன்றைய பதிப்புகளின் எண்முறையில் 119 முதல் 161 வரை 43 பத்திகள் அவர்களுக்கு. பரிசேயருக்கும் சதுசேயருக்கும் சேர்த்து 5 பத்திகளே. யூத சமுதாயத்தில் செல்வாக்கு மிகுந்தவர்கள் பரிசேயர் என்று வேறிடத்தில் சொல்பவரும் இவரே. போருக்குப் பின் உரோமில் அமர்ந்து எழுதும் யூதர், தம் இனம் கலகக்காரர் கூட்டம் என்ற எண்ணத்தை மாற்ற விரும்புகிறார்; கட்டுப்பாடும் துணிவும் எளிமையும் உள்ள எசேனியர் அதற்கேற்ற மாதிரிகளாக அமைகின்றனர். ஆன்மா பற்றிய அவர்கள் கொள்கையைப் பெருங்கடலுக்கப்பாலுள்ள இன்பத்தீவு பற்றிய கிரேக்க நம்பிக்கையோடு ஒப்பிடுவதும், பின்னெழுதிய யூதத் தொல்வரலாற்றில் (15:371) அவர்கள் வாழ்முறையைப் பித்தாகொரசின் நெறியோடு ஒப்பிடுவதும் அவ்வாசகர்க்காகவே.

அவர் இவற்றை நேரில் அறிந்தாரா? தம் வாழ்க்கை வரலாற்றில், 16-ஆம் வயதில் மூன்று குழுக்களையும் பயின்று கடந்ததாகவும், பின்னர் பாலைநிலத்தில் பன்னூஸ் என்பவரிடம் 3 ஆண்டுகள் இருந்ததாகவும், 19-ஆம் வயதில் நகரம் திரும்பிப் பரிசேயர் நெறியைப் பின்பற்றியதாகவும் சொல்கிறார். கணக்கிட்டுப் பார்த்தால் 16-க்கும் 19-க்கும் இடையே உள்ள 3 ஆண்டுகளும் பன்னூசுக்கே போய்விடுகின்றன. எசேனியரின் சேர்க்கைக்கு 3 ஆண்டுகள் ஆகும் என்பது அவர் தாமே தரும் செய்தி. எனவே அவர் முழு உறுப்பினராய் இருந்திருக்க இயலாது. மிஞ்சிப்போனால் வெளிவாயில் வரை சென்றிருக்கலாம். பொது உணவறைக்குள் நடப்பதையும் மறைவான உறுதிமொழியையும் அவர் விரித்துரைக்கும்போது, எழுத்துமூலம் ஒன்றையோ பிறர் சொல்லையோ சார்ந்திருந்தார் என்று கொள்வதே தகும்.

இத்தனை ஐயத்துக்கும் பின்னர் எஞ்சுவது எது? புகழுரைக்குத் தேவையற்ற, சில வேளை வாசகர்க்கு நகைப்பையே தரத்தக்க, நுண்விவரங்கள். உடலில் எண்ணெய் படுவதை அழுக்கென்று கருதினர். கூட்டத்தின் நடுவிலோ வலப்புறத்திலோ உமிழலாகாது. புதிதாகச் சேர்பவருக்குச் சிறு கோடரி ஒன்று தரப்படும். அதனால் ஓரடி ஆழக் குழி தோண்டி, மேலாடையால் மறைத்து, மலங்கழித்து மண்ணால் மூடுவர். ஓய்வுநாளில் அதையும் செய்யார். இளநிலை உறுப்பினர் தொட்டுவிட்டால் மூத்தோர் வேற்றினத்தார் பட்டதுபோல நீராடுவர். கிரேக்க மெய்யியலாளரை ஒத்தவர்கள் என்று காட்ட விரும்பிய ஒருவர் இவற்றைப் புனைந்திருக்கமாட்டார். தம் மூலத்தில் கண்டதால் எழுதினார்.

இவற்றுள் தலையாயது சேர்க்கை முறை (யூதப் போர் 2:137-142). விரும்பி வருபவர் ஓராண்டு வெளியே நிற்பார். கோடரியும் இடைத்துணியும் வெள்ளாடையும் பெற்று அவர்கள் ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பார். தேறினால் தூய நீராடலில் பங்கு பெறுவார். மேலும் 2 ஆண்டுகள் சோதிக்கப்படுவார். அதன்பின் கடுமையான உறுதிமொழிகள் எடுத்த பிறகே பொது உணவைத் தொட முடியும். மற்றபடி ஆணையிடுவதையே தவிர்க்கும் இவர்கள், இவ்வொரு பொழுதில் மட்டும் ஆணையிடுகின்றனர். கொள்கையைப் பிறரிடம் வெளியிடாமையும், குழுவின் நூல்களையும் வானதூதரின் பெயர்களையும் காத்தலும் அவ்வுறுதிமொழியில் அடங்கும். சேர்பவரின் உடைமை பொதுவாகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர் அதனைக் காக்கின்றனர்.

வெளியேற்றம் இதன் மறுபக்கம். 100 பேருக்குக் குறையாத மன்றம் தீர்ப்பு வழங்கும். வெளியேற்றப்பட்டவர் தம் உறுதிமொழியால் கட்டுண்டு பிறர் உணவை உண்ண இயலாமல், புல்லைத் தின்று உடல் நலிவார். உயிர் ஊசலாடும் நிலையில் சிலரை இரங்கித் திரும்ப ஏற்றுக்கொண்டதும் உண்டாம். இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் பிலோவின் மகிழ்ந்த விடுதலையாளர்கள் எங்கோ தொலைவில் நிற்பதாக எனக்குத் தோன்றும்.

மணத்துறவைப் பொறுத்தவரை யோசேபஸ் அதனை எசேனியரின் பொது இயல்பாகக் கூறித் தொடங்குகிறார். பிறர் குழந்தைகளை இளமையிலேயே எடுத்து வளர்ப்பதாகவும் சொல்கிறார். ஆனால் முடிக்கும் இடத்தில் (2:160-161), மணம் செய்துகொள்ளும் மற்றோர் எசேனியர் அணியும் உண்டு, மணத்தைத் தவிர வேறு எதிலும் அவர்கள் வேறுபடவில்லை என்கிறார். இவ்வொரு குறிப்பு போதும்: மணவாமை எசேனியரின் இலக்கணமாயின் மணந்தோர் எசேனியர் ஆகார். யோசேபஸ் அவர்களை எசேனியர் என்றே அழைக்கிறார்.

யூதத் தொல்வரலாற்றின் 18-ஆம் பகுதி சுருக்கமானது. அங்கு 4000-க்கு மேற்பட்டோர் என்ற எண் வருகிறது. பிலோ தரும் எண்ணும் அதுவே. இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொல்கின்றனர் என்று மகிழ்வதற்கில்லை. யோசேபஸ் பிலோவையோ இருவரும் ஒரு பொது மூலத்தையோ பின்பற்றியிருக்கலாம். எருசலேம் கோயிலுக்குக் காணிக்கை அனுப்பும் எசேனியர் பலியிடுவது பற்றிய வாக்கியத்தில் ஓர் எதிர்மறைச் சொல் இலத்தீன் மொழிபெயர்ப்பில் உண்டு, கிரேக்கப் படிகளில் இல்லை. அவர்கள் தனியே பலியிட்டனரா, பலியே இடவில்லையா என்பது அவ்வொரு சொல்லைப் பொறுத்தது. பலியிடுதலை வரையறையில் சேர்க்கவும் விலக்கவும் அதனால் இயலாது.

போகிற போக்கில் வந்த எசேனியர்

விரித்துரைக்கும் பகுதிகளைவிட, வேறொன்றைச் சொல்லும்போது தற்செயலாக வரும் குறிப்புகளுக்கே வரலாற்றாய்வில் மதிப்பு மிகுதி. இவ்வகையில் யோசேபஸ் நான்கு எசேனியரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். கி.மு. 104-103-இல் ஆண்ட முதலாம் அரிஸ்தோபூலஸ் காலத்தில் யூதாஸ் என்பவர் எருசலேம் கோயிலில் மாணவர் சூழ அமர்ந்து, மன்னன் தம்பியின் சாவை முன்னுரைக்கிறார். மெனகேம் என்பவர் பள்ளிக்குச் செல்லும் சிறுவன் ஏரோதைக் கண்டு அரசனாவாய் என்கிறார். பின்னாளில் ஏரோது எசேனியரை மதித்துத் தன் அரசுக்கான உறுதிமொழியிலிருந்து விலக்களிக்கிறான். சீமோன் என்பவர் அர்கெலாயுவின் கனவுக்குப் பொருள் சொல்ல அரண்மனைக்கு வருகிறார். யோவான் என்பவர் உரோமருக்கு எதிரான போரில் ஒரு பகுதியின் தளபதியாக அமர்த்தப்பட்டு, அஸ்கலோன் தாக்குதலில் மடிகிறார். இவற்றோடு, எருசலேம் மதிலில் ‘எசேனியர் வாயில்’ என்று ஒன்று இருந்ததையும் யோசேபஸ் நகர அமைப்பை விவரிக்கும்போது சொல்லிச் செல்கிறார் (5:145).

இவர்களுள் ஒருவரும் சாக்கடற் கரையில் காணப்படவில்லை. கோயில், வீதி, அரண்மனை, போர்க்களம் ஆகியவையே இவர்கள் தோன்றும் இடங்கள். எசேனியருக்குத் தனி நகரம் இல்லை, ஒவ்வோர் ஊரிலும் பலர் வாழ்கின்றனர், பயணம் செய்வோரைப் பேண ஊர்தோறும் ஒருவர் அமர்த்தப்படுகிறார் (2:124-125) என்று யோசேபஸ் கூறுவதை இத்தற்செயல் குறிப்புகள் உறுதிப்படுத்துகின்றன. பிலோ வரைந்த படைக்கலம் தொடாத கூட்டத்தை யோவானின் சாவு ஐயத்துக்குள்ளாக்குகிறது. படைக்கலம் செய்து பிழையாமை வேறு, போரில் கலவாமை வேறு என்று அமைதி காணலாம். ஆயினும் ‘அமைதிவாதிகள்’ என்ற அடைமொழியை வரையறையில் வைக்க முடியாது.

சான்றுகள் தாங்கும் வரையறை

அக்காலத்தில் ஒருவர் எசேனியரா அல்லரா என்று எதைக்கொண்டு அறிந்திருப்பர் என்று கேட்டால் விடை எளிதாகிறது. எங்கே வாழ்ந்தார் என்பதைக் கொண்டு அறிய இயலாது. மனைவி உண்டா என்பதைக் கொண்டும் இயலாது. ஊழ் அனைத்தையும் ஆள்கிறது என்ற நம்பிக்கை (யூதத் தொல்வரலாறு 13:172) மனத்தில் இருப்பது. அது பிறர் கண்ணுக்கு அடையாளமாகாது. யாருடன் அமர்ந்து உண்ண அவருக்கு உரிமை இருந்தது என்பதே கண்கூடான அடையாளம்.

ஆகவே பின்வரும் வரையறையை முன்வைக்கலாம். எசேனியர் என்போர், கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் கி.பி. 1-ஆம் நூற்றாண்டு வரை யூதேயாவின் ஊர்களிலும் நகரங்களிலும் பரவி வாழ்ந்து, படிநிலைச் சோதனையாலும் உறுதிமொழியாலும் உறுப்பினரைச் சேர்த்து, உடைமையைப் பொதுவாக்கி, தூய்மை காத்த பொது உணவில் ஒன்றுகூடி, மீறியவரை மன்றத்தீர்ப்பால் வெளியேற்றிய யூதக் குழுவினர். மணத்துறவு அவர்களுள் ஓர் அணியின் நெறி. அவ்வணியே வெளியார் கண்ணில் முதன்மை பெற்றது.

இவ்வரையறையின் தொடக்கக் காலம், மக்கபேயர் யோனத்தானின் ஆட்சியை விவரிக்குமிடத்தில் மூன்று குழுக்களையும் யோசேபஸ் முதன்முதல் குறிப்பதை (13:171) அடியொற்றியது. இப்போலித், பொர்பிரி முதலிய பிற்காலத்தார் பெரும்பாலும் யோசேபசையோ அவரது மூலத்தையோ வழிமொழிபவர்களாதலால் அவர்களிடமிருந்து புதிதாக ஒன்றும் சேர்க்கப்படவில்லை.

கும்ரான் சுருள்களின் முன்

இனி ஒதுக்கிவைத்த சுருள்களுக்கு வரலாம். 1948-இல் எலியேசர் சுகேனிக் அவற்றை எசேனியரோடு தொடர்புபடுத்தினார். 1951 முதல் 1956 வரை கும்ரானை அகழ்ந்த ரோலாந் தெவோ அக்கருத்துக்கு வலுவூட்டினார். நார்மன் கோல்ப் இதனை மறுத்து, சுருள்கள் எருசலேம் நூலகங்களிலிருந்து வந்தவை என்றார். பிளினியின் ஒரு சொல்லைச் சுற்றியே பெரிதும் நடந்த இடவாதத்தை விடுத்து, மேற்கண்ட வரையறையை உரைகல்லாகக் கொண்டு பார்க்கலாம்.

‘குழும ஒழுங்கு’ எனப்படும் சுருள் பெரும்பாலும் பொருந்துகிறது. சேர விரும்புவோர் ஆய்ந்து பார்க்கப்படுகின்றனர்; ஓராண்டு கழிந்து கூட்டத்தின் தூய பொருள்களை அணுகுகின்றனர்; இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் அவர்கள் உடைமை பொதுவில் கலக்கிறது, பானத்தையும் தொடலாம். யோசேபஸ் கூறும் ஆண்டுக்கணக்கோடு இது முற்றும் ஒக்கவில்லை. முறையின் எலும்புக்கூடு ஒன்றே. கூட்டத்தின் நடுவே உமிழ்ந்தவருக்கு 30 நாள் தண்டனை என்றும் அதில் உண்டு. இவ்வளவு சிறிய, பயனற்ற ஒரு விவரம் ஒத்துப்போவது பெரிய கொள்கை ஒற்றுமைகள் பலவற்றினும் வலிய சான்றாகும்.

‘தமஸ்கு ஆவணம்’ கெய்ரோவின் பழஞ்சுவடிக் கிடங்கில் கிடைத்து 1910-இல் சாலமன் ஷெக்டரால் வெளியிடப்பட்டது. பின்னர் கும்ரான் குகைகளிலும் அதன் துணுக்குகள் கிடைத்தன. அது மனைவி மக்களோடு வாழ்வோரைப் பேசுகிறது. தனியுடைமையை விடாமல், மாதம் குறைந்தது இரண்டு நாள் ஊதியத்தைப் பொதுநிதிக்குத் தரச் சொல்கிறது. மணவாழ்வால் இது யோசேபசின் இரண்டாம் அணியை நினைவூட்டுகிறது. ஆனால் அவ்வணி மணத்தைத் தவிர வேறெதிலும் வேறுபடவில்லை என்றல்லவா அவர் சொன்னார்? உடைமை பற்றிய வேறுபாடு அவர் கண்ணுக்கு எட்டவில்லை போலும். அன்றி, தமஸ்கு ஆவணத்தார் வேறொரு குழுவினராகவும் இருக்கலாம். இங்கு வரையறை இரண்டாகப் பிளக்கிறது. சேர்க்கையை மட்டும் இலக்கணமாகக் கொண்டால் தமஸ்கு ஆவணத்தார் உள்ளே வருவர், பொதுவுடைமையையும் கட்டாயமாகக் கொண்டால் வெளியே நிற்பர். பிலோ, யோசேபஸ் இருவரும் பொதுவுடைமையை வற்புறுத்துவதால் பின்னதையே நான் கொள்கிறேன். ‘குழும ஒழுங்கு’ எசேனியருடையது, ‘தமஸ்கு ஆவணம்’ அவர்களோடு உறவுடைய ஒரு கூட்டத்தாருடையது என்ற அளவோடு நிற்பது தற்போதைக்குப் போதும்.

சுருள்களில் அடிக்கடி வரும் ‘நீதியின் ஆசான்’ பற்றியும், கோயிலாரின் நாட்காட்டியோடு முரண்பட்ட 364 நாள் ஆண்டைப் பற்றியும் யோசேபஸ் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதேபோல், சுருளை எழுதியவர்கள் தம்மைப் பல பெயர்களால் அழைத்துக்கொண்டபோதிலும், எசேனியர் என்று ஐயமின்றிப் படிக்கத்தக்க பெயர் அவற்றுள் இதுவரை காணப்படவில்லை.